செக் கேஸை சமரசத்தில் முடிக்கும் வழி

செக் திரும்பினால் பேங்க் ஒரு சீட்டு தரும், ‘போதிய இருப்பு இல்லை’ என்று போட்டு. அந்த ரிட்டர்ன் மெமோ கைக்கு வந்து 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் பணம் வந்துவிட்டால் கேஸே இல்லை. வராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மாற்றுமுறை ஆவணச் சட்டம் (Negotiable Instruments Act) 138-வது பிரிவில் புகார் கொடுக்கலாம். ‘பேசி முடிச்சுக்கலாம், அடுத்த வாரம் வாங்க’ என்ற பேச்சை நம்பிக் கெடுவைத் தவறவிட்டவர்கள் உண்டு. பேச்சு நடக்கட்டும், நோட்டீஸ் மட்டும் நிற்கக் கூடாது.

2 ஆண்டு வரை சிறை, செக் தொகையில் இரு மடங்கு வரை அபராதம் என்று தண்டனை இருந்தாலும், அதே சட்டத்தின் 147-வது பிரிவின்படி இது சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம். அப்பீலிலும் முடிக்கலாம், ஆனால் தாமதத்துக்கு விலை உண்டு. உச்ச நீதிமன்றம் 2025-இல் திருத்திய கணக்குப்படி, எதிரி (செக் கொடுத்தவர்) தரப்பு சாட்சியம் பதிவாகும் முன் பணம் கட்டினால் கூடுதல் செலவு இல்லாமல் முடிக்கலாம். அதற்குப் பிறகு தீர்ப்புக்குள் என்றால் செக் தொகையில் 5 சதவீதம், செஷன்ஸ் கோர்ட்டிலோ ஹைகோர்ட்டிலோ 7.5, உச்ச நீதிமன்றத்தில் 10. இந்தக் கூடுதல் தொகை புகார்தாரருக்குப் போவதில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழு போன்ற அமைப்புக்குப் போகும்.

என்னைக் கேட்டால் மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத்)தான் நல்ல இடம். கட்டணம் கிடையாது. கேஸ் போடும் முன்பே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். அங்கே பிறப்பிக்கும் உத்தரவு சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம். கிரிமினல் கோர்ட் அனுப்பிவைத்த செக் கேஸுக்கும் அப்படியே என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லிவிட்டது. பேசியபடி பணம் வராவிட்டால் நிறைவேற்று மனு போட்டுச் சொத்தை ஜப்தி செய்யலாம். அப்பீல் கிடையாது என்பதால் கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள்.

தவணையில் வாங்குவதாக இருந்தால், எந்தத் தேதியில் எவ்வளவு என்று எழுதுங்கள். ‘ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் உடனே செலுத்த வேண்டும்’ என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். ஏனென்றால் சமரசம் ஆனபின் பழைய கேஸை அப்படியே தொடர முடியாது. சமரசத்துக்காகத் தந்த புது செக்கும் திரும்பினால் அது தனி கேஸ், மறுபடி நோட்டீஸிலிருந்து தொடங்க வேண்டும்.

பணம் கட்டுபவர் பழைய செக்கையும், ஈடாகக் கொடுத்த வெற்று செக், புரோநோட் இருந்தால் அவற்றையும், கடைசித் தவணை அன்றே கையில் வாங்கிவிட வேண்டும்.