பொடி டப்பாவுக்குத் திருநீறு போடாதீர்கள்

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் ஓர் அம்மா என் பட்டறைக்கு வந்தார். கைக்குட்டையை அவிழ்த்து, மேசைமேல் ஒரு மூக்குப்பொடி டப்பாவை வைத்தார். உள்ளங்கை அளவு சோழி, அதற்கு வெள்ளி மூடி. பினாங்குத் துறைமுகத்தில் வேலை பார்த்த மாமனாரின் தாத்தா வாங்கியதாம். "உங்களிடம் காட்டத்தான் தம்பி, நேற்று திருநீறு போட்டுப் பளபளவென்று தேய்த்தேன்" என்றார். எனக்குத் திக்கென்றது.

அவர் வீட்டில் மூன்று தலைமுறையாக வருடந்தோறும் இதே கைவேலைதான். மூடியின் உள்விளிம்பில், முத்திரை இருந்த இடத்தில், இப்போது வழவழப்பான பள்ளம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு நங்கூரத்தின் நிழல் தெரிகிறது, அவ்வளவுதான்.

அந்தக் குட்டி முத்திரைகள்தாம் டப்பாவின் பிறப்புப் பத்திரம். நடக்கும் சிங்கம் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. நங்கூரம், 1773இல் தொடங்கிய, வெள்ளியின் தரம் பார்க்கும் இங்கிலாந்தின் பர்மிங்காம் சோதனைக்கூடத்துடையது. அரசர் தலை இருந்தால் வரி கட்டிய பொருள். அது 1784க்கும் 1890க்கும் இடைப்பட்டது. ஓர் எழுத்து ஆண்டைச் சொல்லும். சோழி, கொம்பு டப்பாக்களில் செய்தவரின் எழுத்து மட்டும் இருப்பதும் உண்டு. ஆகவே சிங்கம் இல்லை என்றதும் போலி என்று தள்ளிவிடாதீர்கள்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் வாரம் ஒன்று வருகிறது. நான்கு குட்டிக் கேடயங்கள் வரிசையாக இருக்கும். பார்ப்பவர் வெள்ளி என்றே நினைப்பார். உள்ளே இருப்பதோ இ, பி, என், எஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். நிக்கல் கலந்த உலோகத்தின்மேல் மின்முலாம் பூசியது என்று பொருள். எல்கிங்டன் என்பவர் அந்த முறைக்குக் காப்புரிமை பெற்றது 1840இல். எழுத்தை அலங்காரமாகச் சுழித்துப் பொறித்திருப்பதால் சந்தையில் அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. பினாங்கின் பழம்பொருள் சந்தையான லோரோங் கூலிட்டுக்குப் போகிறவர்கள் சட்டைப்பையில் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்றை வைத்திருங்கள்.

மூடியின் உட்புறம் மஞ்சளாக இருந்தால் அதையும் துடைத்தெடுக்காதீர்கள். அது அழுக்கல்ல, பொன்பூச்சு. ஈரப்பொடி வெள்ளியை அரிக்கும் என்பதற்காகப் பூசியது.

கீல் உடைந்தால் பலர் ஈயம் வைத்துப் பற்றவைத்துத் தருகிறார்கள். கோபம் வருவது எனக்கு இங்கேதான். பிறகு யாராவது முறையாக வெள்ளிப்பற்று வைக்கச் சூடேற்றினால், எஞ்சிய ஈயம் வெள்ளிக்குள் இறங்கி அம்மைத் தழும்புபோல் அரித்துவிடும். சோழியும் கொம்பும் அந்தச் சூட்டைத் தாங்கவும் மாட்டா. நகைக்கடைகளில் நகையைச் சுத்தம் செய்யும் அதிர்வுத் தொட்டியில் போடுவதும் வேண்டாம்.

ஆமையோட்டு டப்பாவா என்று அறிய ஊசியைச் சுட்டுக் குத்துகிறவர்கள் உண்டு. அது செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்காக இருந்தால் குபீரென்று தீப்பிடிக்கும். உண்மையான ஆமையோடு என்றால் பெரும்பாலும் அழுங்காமையுடையது, அழிந்துவரும் இனம். அனுமதிப் பத்திரமின்றி அதை நாட்டுக்குள் கொண்டுவந்தாலும் வெளியே கொண்டுபோனாலும் மலேசியாவின் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பழையது என்பதற்காகச் சுங்கத்தில் விட்டுவிடமாட்டார்கள்.

அந்த அம்மா டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றி, மேலே ரப்பர் வளையம் போடப் போனார். பாய்ந்து தடுத்தேன். ரப்பரில் உள்ள கந்தகம் சும்மாவே வெள்ளியைக் கறுக்க வைக்கும். இந்தக் கடற்காற்றில் கேட்கவே வேண்டாம். பூக்கட்டும் பருத்தி நூலால் கட்டிக் கொடுத்தனுப்பினேன்.