ஈயம்: காரீயமா, வெள்ளீயமா?

ஏழு மாதக் கர்ப்பிணியான தங்கைக்கு ரசச் சொம்பு வாங்க வேலூர் லாங் பஜார் பக்கம் போயிருந்தோம். "சுத்த ஈயம்மா, நம்பி எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர். எந்த ஈயம் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை.

அவர்மேல் குறையில்லை. ஈயம் என்பது இரண்டு உலோகங்களுக்குப் பொதுப்பெயர். கறுத்தது காரீயம், அதாவது லெட். வெளுத்தது வெள்ளீயம், அதாவது டின். லத்தீன்காரர்களும் இப்படித்தான் கருப்பு பிளம்பம், வெள்ளைப் பிளம்பம் என்று பிரித்தார்கள்; காரீயக் குழாய் வேலை செய்தவர்தான் பின்னாளில் பிளம்பர் ஆனார். நம் ஊர்த் தெலுங்குக்காரர்களுக்குக் குழப்பமே இல்லை. காரீயம் சீசம், வெள்ளீயம் தகரம். ஆம்பூர், வாணியம்பாடியில் உருது பேசுவோருக்கும் காரீயம் சீசாதான். வடமொழிச் சீசத்திலிருந்தே ஈயம் வந்தது என்பாரும் உண்டு.

ரசத்துக்கு உரியது வெள்ளீயம். 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது என்பார்கள். அதில் காரீயம் கலந்திருந்தால், புளியின் புளிப்பு அதைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். கலப்பைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

உடம்புக்குள் போன காரீயம் சுண்ணாம்புச் சத்தைப் போல வேடம் போட்டு எலும்பில் தங்கிவிடும், பல பத்தாண்டுகள். கர்ப்ப காலத்தில் பிள்ளையின் எலும்புக்காகத் தாயின் எலும்பு கரையும்போது, சிறுமியாக இருந்தபோது சேர்ந்த காரீயமும் கூடவே ரத்தத்துக்கு வரும். நஞ்சுக்கொடி அதைத் தடுப்பதில்லை. குறைமாதப் பிரசவம், 2.5 கிலோவுக்கும் குறைந்த பிறப்பு எடை, சிறுத்த தலைச்சுற்றளவு எல்லாவற்றோடும் அதற்குத் தொடர்பு உண்டு. இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது. சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்த உடம்பு காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். ஆஸ்பத்திரியில் தரும் கால்சியம் மாத்திரையை அலமாரியில் அடுக்காமல் சாப்பிடச் சொல்ல இது இன்னொரு காரணம். காரீயத் தகடுள்ள பழைய பேட்டரி உடைக்கும் இடத்தில் வேலை பார்க்கும் கணவரின் சட்டையிலேயே காரீயத் தூசி வீட்டுக்கு வந்துவிடும். அதைக் கர்ப்பிணி துவைக்கக் கூடாது.

காரீயம் போன்ற ஹெவி மெட்டலைக் கன உலோகம் என்று எழுதுகிறோம். துத்தநாகமும் அந்தக் கணக்கில் வரும், அது உடம்புக்குத் தேவை. ஆகவே இந்த இடத்தில் நச்சு உலோகம் என்பதே சரி. பழைய வட ஆற்காட்டில் அப்படிச் சொன்னால் தோல் பதனிடும் ஷாப்பும் ராணிப்பேட்டைக் குரோமியக் கழிவும்தான் நினைவுக்கு வரும், சமையலறை வராது. லெட் என்ற இடத்தில் வெறும் ஈயம் என்று எழுதாமல் காரீயம் என்றே எழுதவேண்டும். லெட் பாய்சனிங் காரீய நஞ்சேற்றம். பிளட் லெட், ரத்தக் காரீய அளவு.

தங்கைக்கு அன்று எவர்சில்வர் சொம்பு வாங்கினோம்.