காட்டுக்குப் போகும்போது நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்

போன ஞாயிறு பின்னேரம் நாலரை மணிக்கு ஒரு வான் வந்து எங்கள் மிருக வைத்தியசாலை வாசலில் நின்றது. பின் இருக்கையில் மூன்று வயது லாப்ரடோர் ஒன்று ஈரத் துவாயால் சுற்றப்பட்டுக் கிடந்தது. திருகோணமலையின் கந்தளாய்ப் பக்கம் காட்டோரத்தில் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்கப் போன பெடியள் கொண்டுவந்தது. வெப்பமானியை வைத்தால் 42 பாகை. நாய்க்கு 39 சொச்சம் வரைக்கும்தான் இயல்பு. ஈறு செங்கல் நிறமாக இருந்தது, கொஞ்ச நேரத்தில் இரத்தமாகக் கழியத் தொடங்கியது. சேலைன் ஏற்றினோம், விசிறி போட்டோம், இரவு முழுக்கப் பக்கத்தில் இருந்தோம். விடியும் முன் செத்துப்போனது.

"மூன்று போத்தல் தண்ணி குடுத்தனாங்கள், டொக்டர்" என்று அவர்களில் ஒரு தம்பி திரும்பத் திரும்பச் சொன்னான். பொய்யில்லை, கொடுத்திருப்பான். சூடான, காய்ந்த கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில், நிழல் இல்லாத கிறவல் பாதையில், பகல் பதினொரு மணிக்கு மூன்று போத்தல் போதாது, ஆறு போத்தலும் போதாது. நம்மைப்போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. இளைத்து இளைத்துத்தான் சூட்டை வெளியே விடும். வெளிக்காற்றே அனலாக இருந்தால் அதுவும் பலிக்காது. எசமான் நடக்கிறான் என்பதற்காக அதுவும் விழும்வரை நடக்கும். இந்தக் கச்சான் காலத்தில் மட்டும் இப்படி வந்தது இது நான்காவது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஏன் கூட்டிக்கொண்டு போனீர்கள் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "காவலுக்கு." இரவில் யானை வந்தால் குரைக்குமாம், சிறுத்தை கிட்ட வராதாம்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பன்குளம் பக்கத்திலும் வெருகல் பக்கத்திலும் சேனைப் பயிர்க் காவலுக்கு நாய் வைத்திருக்கிறார்கள், அது குரைத்துத்தான் யானை வந்தது தெரிகிறது. சரி. ஆனால் அந்த நாய் குரைக்கும்போது மனிதர் எங்கே இருக்கிறார்? மரத்தின் மேலே, பரணில். கையில் டோர்ச்சும் யானை வெடியும் இருக்கும். ஒரு கூப்பிடு தூரத்தில் அடுத்த பரண், அதற்கப்பால் ஊர். நாய் தகவல் சொல்கிறது, அவ்வளவுதான். யானையைத் திருப்புவது மனிதரும் வெளிச்சமும் வெடியும். நீங்கள் படுத்திருப்பது தரையில், ஒரு துணிக்குள். யானையைக் கண்ட நாய் என்ன செய்யும்? முதலில் பாய்ந்துபோய்க் குரைக்கும். யானை காதை விரித்துக்கொண்டு துரத்தும். அப்போது நாய் எங்கே ஓடிவரும்? உங்களிடம்தான். அதற்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு நீங்கள். தன் பின்னால் வருகிற யானையை நேரே உங்கள் கூடாரத்துக்குக் கூட்டிவரும். சும்மா விட்டிருந்தால் ஒதுங்கிப் போயிருக்கக்கூடிய யானை அது. கரடிக்கும் இதே கதைதான், குட்டியோடு நிற்கிற தாய்க்கரடி என்றால் இன்னும் மோசம்.

சிறுத்தை விஷயம் இதற்கு நேர் எதிர். மனித வாடை பட்டால் பெரும்பாலும் விலகிப் போகிற மிருகம் அது. நாய் அதற்கு இரை. நீங்கள் மட்டும் படுத்திருந்தால் கிட்ட வராத சிறுத்தைக்கு, கூடாரத்துக்கு வெளியே நாயைக் கட்டிவைத்தால் வருவதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. குளக்கரையில் முதலைக்கும் அப்படியே. காவலுக்கு என்று நீங்கள் கொண்டுபோனது அங்கே தூண்டில் இரை ஆகிவிடுகிறது.

"எங்கள் நாய் சொன்னால் கேட்கும், டொக்டர்." திருகோணமலைக் கோட்டை வாசலில் நிற்கிற மானைக் கண்டால் அது என்ன செய்கிறது என்று ஒருநாள் பாருங்கள். அங்கேயே கயிற்றை இழுக்கிற நாய் காட்டில் உங்கள் விசிலுக்கு நிற்குமா? பற்றைக்குள் பாய்ந்தால் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கு இருக்கும், கயிறு தட்டினால் சுடுகிற கட்டுத்துவக்கு இருக்கும், தீனிக்குள் மறைத்துவைத்த வெடி இருக்கும். தாடை சிதறிய ஒரு நாயை ஒருமுறை மேசையில் வைத்துப் பார்த்திருக்கிறேன், அதற்கு மேல் எழுத மனமில்லை. பாம்பு தீண்டினாலும் எங்களைப் போன்ற மிருக வைத்தியர்களிடம் விஷமுறிவு மருந்து எப்போதும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

காட்டுக்கும் நம் நாய்களால் கேடு உண்டு, அதை யாரும் யோசிப்பதில்லை. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் 1994இல் தன்சானியாவின் செரங்கெட்டியில் சிங்கங்களுக்குத் தொற்றி, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கொன்றது. நம் நரிக்கும் சிறுத்தைக்கும் அது வேண்டாம். சோமாவதிய போன்ற தேசிய பூங்காவுக்குள் வளர்ப்பு மிருகங்களைக் கொண்டுபோக அனுமதியும் இல்லை. காவலாளியிடம் கெஞ்சி அவரையும் சங்கடத்தில் மாட்டாதீர்கள்.

நாயோடு நடக்க ஆசையென்றால் காலை ஆறு மணிக்கு உப்புவெளிக் கடற்கரைக்குப் போங்கள், கயிற்றோடு. ஏழரைக்குள் வீடு திரும்புங்கள். மணல் சுடுகிறதா என்று உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் குறைந்த தூரம் போதும். நீங்கள் காட்டுக்குப் போகிற இரண்டு நாளும் அம்மாவிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ விட்டுவிட்டுப் போங்கள். இரண்டு நாள் ஏங்கும், பிறகு நீங்கள் வந்ததும் துள்ளும்.

எங்கே என்றாலும் வெயிலில் நாய் தள்ளாடினால், நுரை தள்ளினால், வாகனத்தைத் தேடுவதற்கு முன் அந்த இடத்திலேயே குளிரப் பண்ணுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், வயிறு, தொடையிடுக்கு, பாதம் எல்லாம் நனையும்படி தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், விசிறுங்கள். ஈரத் துவாயால் போர்த்தாதீர்கள், சூடு உள்ளேயே நின்றுவிடும். அந்தப் பெடியளும் நல்ல மனதோடுதான் போர்த்தியிருந்தார்கள். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. பிறகு வரும் வழியிலும் வான் யன்னல்களைத் திறந்து காற்றுப் பட வையுங்கள்.

ஏற்கெனவே கூட்டிக்கொண்டு போய் வந்துவிட்டீர்களா? இன்றே காதுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப்பட்டியின் கீழே உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். மண்ணெண்ணெய் பூசாதீர்கள், நெருப்புக்குச்சியால் சுடாதீர்கள். உண்ணிக் காய்ச்சல் அன்றைக்கே தெரியாது, ஒன்றிரண்டு வாரம் கழித்தும் வரும். சாப்பிடாமல் ஒரு மூலையில் படுத்தால், ஈறு வெளிறினால், மூத்திரம் சாயத்தேநீர் நிறத்தில் போனால், பனடோல் கொடுத்து நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். அன்றே கொண்டுவாருங்கள், இரவானாலும் பரவாயில்லை.