இரை எடுத்த மலைப்பாம்பை விட்டுவிடுங்கள்

போன வாரமும் ஒரு மலைப்பாம்பைக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் நைலான் கயிறு இறுகிய தடம். செதில் உரிந்து சதை தெரிந்தது. வாயைத் திறந்து டார்ச் அடித்தால் பற்கள் பல உடைந்திருந்தன, மூச்சுக்குழல் வாயில் ரத்தம் உறைந்திருந்தது. ஆட்டுக்குட்டியை விழுங்கிவிட்டதாம்; ஊரே கூடி இழுத்துக் கக்க வைத்திருக்கிறார்கள். கால்நடை மருத்துவராக இதை எத்தனை முறைதான் சொல்வது?

விழுங்கிய குட்டி பிழைத்து வராது. மலைப்பாம்பு முதலில் சுற்றி இறுக்கும். அந்த இறுக்கத்தில் ரத்த ஓட்டமே நின்று சில நிமிடங்களில் இரை செத்துவிடும். அதன் பிறகுதான் தலைப்பக்கமாக விழுங்கத் தொடங்கும். "சீக்கிரம் எடுத்தால் காப்பாற்றிவிடலாம் சார்" என்கிறார்கள். யாரைக் காப்பாற்ற? வயிறு வீங்கியிருக்கிறது என்றாலே உள்ளே இருப்பது செத்தாயிற்று. வாலைப் பிடித்துத் தொங்கவிட்டாலும், வயிற்றை மிதித்தாலும் வெளியே வருவது விற்கவும் ஆகாது, சமைக்கவும் ஆகாது.

பாம்புக்கோ அது பெரிய சேதம். அதன் பற்கள் மேலே நான்கு வரிசை, கீழே இரண்டு. எல்லாம் தொண்டையைப் பார்த்து வளைந்தவை. குளம்பும் கொம்பும் திரும்பி வரும்போது உணவுக்குழாயைக் கிழிக்கும். கயிறு கட்டி இழுத்தால் முதுகெலும்பு விலகும். நெருங்கிய உறவான பர்மிய மலைப்பாம்பை ஆராய்ந்தவர்கள், இரை எடுத்த இரண்டு மூன்று நாளில் இதயம் சுமார் 40 சதவீதம் பெருப்பதையும், குடலின் எடை இரு மடங்காவதையும் கண்டிருக்கிறார்கள். உடம்பே அந்த ஒரு வேலையில் இருக்கும். வெயிலில் அசையாமல் கிடப்பதும் அதற்குத்தான்; சூடு குறைந்தால் இரை செரிக்காமல் உள்ளேயே அழுகிவிடும். அடுத்து உங்கள் பிள்ளைக்காகக் காத்திருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஆளை விழுங்கியதாகப் பரவும் செய்திகளில் உறுதியானவை, 2017-ல் சுலவேசியில் நடந்தது போல, இந்தோனேசியாவில் உள்ள வேறொரு பெரிய இனத்தைப் பற்றியவை.

சரி, பார்த்தால் என்ன செய்வது? விலகி நில்லுங்கள். நாயைக் கட்டுங்கள், கூட்டத்தைக் கலையுங்கள். கூட்டத்துக்கு மிரண்டே பாம்பு இரையைக் கக்கிவிடும். வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். தோப்பிலோ ஓடைக்கரையிலோ கிடந்தால் அதுவும் வேண்டாம், தானே போய்விடும். ஆட்டுக்குட்டி, கோழியை இரவில் இடைவெளி இல்லாத பட்டியில் அடையுங்கள். செல்ஃபிக்காகத் தோளில் போடாதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில்தான் இதுவும் இருக்கிறது. கொன்றால் குறைந்தது மூன்றாண்டு சிறை.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். "மலைப்பாம்புக் குட்டிதான், விஷம் இல்லை" என்று யாரும் கையில் எடுக்காதீர்கள். கண்ணாடி விரியனைத்தான் பல பேர் அப்படி நினைத்துப் பிடிக்கிறார்கள். முதுகில் சங்கிலி கோத்ததுபோல் ஒழுங்கான வட்டங்கள், குக்கர் ஆவி விடுவது போன்ற சீற்றம் என்றால் அது விரியன். ஆனால் குட்டியில் எனக்கே ஒரு நொடி நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அந்த ஒரு நொடி கிடைக்காது. கடித்துவிட்டால் பாம்பைத் தேடி ஓடாமல், எந்தப் பாம்பு என்று விவாதிக்காமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.