சுறாவின் இதயத்துக்குள் இரண்டு விலாங்குகள்

மீன் நோய்களைப் பார்ப்பது என் வேலை. அதனால் வாட்ஸ்அப்பில் அடிக்கடி இப்படி ஒரு படம் வரும்: "சார், கலவா மீனை வெட்டினேன், வயித்துல பாம்பு! இது ஒட்டுண்ணியா?"

பெரும்பாலும் அது பாம்பே இல்லை, கலவா உயிரோடு விழுங்கிய பாம்பு விலாங்கு. தப்பிக்கப் பார்த்து இரைப்பையைத் துளைத்து, வெளியேற வழியில்லாமல் வயிற்றுக்குள்ளேயே செத்து விறைத்துப் போயிருக்கும். மாட்டிக்கொண்டு செத்தது அது. ஒட்டுண்ணி என்ற கெட்ட பெயரும் அதற்கே.

இந்தக் கெட்ட பெயரை அறிவியல் பெயரிலேயே சுமக்கிற ஒரு ஆழ்கடல் விலாங்கு உண்டு: சிமென்கெலிஸ் பாரசிடிக்கா. சப்பை மூக்கு, அதிகம் போனால் இரண்டடி நீளம். வாய், உண்டியல் துளை மாதிரி குறுக்கே ஒரு சின்னப் பிளவு. அட்லாண்டிக்கில் பிடித்த ஹாலிபட் மீன்களின் உடலுக்குள் இது புகுந்திருந்ததைப் பார்த்து 1879-ல் 'ஒட்டுண்ணி' என்று பொருள்படும் பெயரை வைத்துவிட்டார்கள். உண்மையில் இது பெரும்பாலும் செத்த மீனைத் தின்று பிழைப்பது. குஞ்சுகளுக்கு இரை, இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த சின்னச் சின்ன ஓட்டுடலிகள்.

அப்புறம் 1992 ஜூனில் நியூயார்க் மாநிலத்தின் மான்டாக் துறைக்கு 395 கிலோ எடையுள்ள மேக்கோ சுறா ஒன்று வந்தது. அறுத்துப் பார்த்தால், இதய அறைக்குள் இதே சப்பை மூக்கு விலாங்குகள் இரண்டு! 21 செ.மீ., 24 செ.மீ. நீளம். இரண்டின் வயிற்றிலும் ரத்தம். இந்த இடத்தில்தான் அதை ஆராய்ந்தவர்களை எனக்குப் பிடிக்கிறது. 'ஒட்டுண்ணி' என்று உடனே முடிவு கட்டாமல், வேறு ஏழு மேக்கோ சுறாக்களின் இதயங்களோடு இதன் திசுவை ஒப்பிட்டார்கள். அவற்றில் இல்லாத பாதிப்பு இதில் இருந்தது. தூண்டிலில் மாட்டித் துவண்டு கிடந்த சுறாவுக்குள், செவுள் வழியாகவோ தொண்டை வழியாகவோ இவை நுழைந்து, ரத்தக்குழாய் வழியே இதயத்துக்குப் போயிருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. மீனுக்கு வாலையும் பாம்புக்குத் தலையையும் காட்டுவது விலாங்கு என்பார்கள். இது பிணம் தின்னியாகவும் இருக்கும், வாய்ப்புக் கிடைத்தால் ஒட்டுண்ணியாகவும் மாறும்.

சரி, உங்கள் கலவாவுக்கு வருவோம். மீன் புதிதாக இருந்தால் விலாங்கை எடுத்துப் போட்டுவிட்டு, நன்றாகக் கழுவி, முழுக்க வேகவைத்துச் சாப்பிடலாம். எறிவதற்கு முன் ஒரு படம் எடுங்கள், பக்கத்தில் ஸ்கேல் வைத்து, அது கிடந்த இடத்துச் சதையும் தெரிகிற மாதிரி. எனக்கு விலாங்கைவிட அந்தச் சதைதான் முக்கியம்.