ரோகு ஏன் குளத்துல முட்டை போடாது?

ஆடி மாசம் சிந்தாதிரிப்பேட்டை பக்கம் ரோகு, கட்லா வெட்டும்போது பாருங்க, வயித்துல ரெண்டு பக்கமும் சினை கொத்துக் கொத்தா இருக்கும், பாதி பேரு அதையும் கேட்டு வாங்கிட்டுப் போயி மிளகாத்தூள் போட்டு வறுத்துடுவாங்க. சென்னைக்கு வர்ற ரோகு பெரும்பாலும் ஆந்திராவுல குளத்துல வளந்தது. இவ்ளோ சினையோட சுத்திட்டிருந்த மீனு ஏன் அந்தக் குளத்துலயே முட்டை விடல? விடாது, அதான் விஷயம். எவ்ளோ தீனி போட்டாலும் சரி, தேங்கின தண்ணில ரோகு, கட்லா, மிர்கால்னு இந்த மூணு கெண்டை மீனுமே முட்டை விடாது. சீசன் முடிஞ்சா அந்த சினைய உடம்பே திரும்ப உறிஞ்சிக்கும்.

காரணம் மூளைல இருக்கு. கோடைல சூடு ஏற ஏற முட்டைக்குள்ள மஞ்சக்கரு சேரும், இது குளத்துலயும் ஒழுங்கா நடக்கும். ஆனா கடைசிக் கட்டம், அதாவது முட்டை பழுத்து சினைப்பைய விட்டு விடுபடுறது, அதுக்கு மூளைக்கு அடில ஒட்டிட்டிருக்குற பிட்யூட்டரி சுரப்பி ஒரு ஹார்மோன மொத்தமா ரத்தத்துல கொட்டணும். மழை, புது வெள்ளம், நல்ல ஓட்டம், கரை தாண்டிப் பரவுன ஆழமில்லாத தண்ணி இதெல்லாம் சேந்து வந்தாதான் மூளை அதுக்கு உத்தரவு குடுக்கும். அதுவரைக்கும் டோபமைன்னு ஒரு ரசாயனம் சுரப்பிய அடக்கியே வச்சிருக்கும்.

இத உடைச்சது 1957 ஜூலை 10ல, ஒடிசாவுல அங்குல்ன்ற ஊர்ல. மீன் விஞ்ஞானிங்க ஹிராலால் சௌத்ரியும் கே.எச். அலிகுன்ஹியும் செத்த கெண்டையோட மண்டைலருந்து பிட்யூட்டரிய எடுத்து, அரைச்சு, தாய் மீனுக்கு ஊசி போட்டாங்க, மீனு முட்டை விட்டுச்சு. அந்த நாளத்தான் இப்ப தேசிய மீன் விவசாயிகள் தினமா கொண்டாடுறாங்க. அதுக்கு முன்னாடி வெள்ளம் வர்றப்ப ஆத்துல வலை கட்டி குஞ்சு புடிக்கணும், எது ரோகு எது அத திங்கப்போற வேற மீனுன்னு பிரிக்கவே முடியாது, எல்லாம் கலந்துதான் வரும்.

இப்ப மண்டைய நோண்டுற வேலையெல்லாம் ரொம்ப கம்மி. ரெடிமேட் ஊசி வந்துடுச்சு, அதுல ரெண்டு சமாச்சாரம். ஒண்ணு பிட்யூட்டரிக்கு "ம், விடு"ன்னு சொல்ற மூளை ஹார்மோனோட செயற்கை வடிவம், இன்னொண்ணு டோம்பெரிடோன். ஆமாங்க, வாந்தி வந்தா நம்ம மெடிக்கல் ஷாப்ல வாங்கி முழுங்குறோமே அதே மருந்துதான், டோபமைனோட வேலைய தடுக்கும், தடை போச்சுன்னா சுரப்பி வேலைய ஆரம்பிச்சிடும். சாயங்காலம் ஊசி போட்டு வட்டத் தொட்டில தண்ணிய சுத்த விட்டா விடியறதுக்குள்ள முட்டை ரெடி. ஒரு கிலோ எடைக்கு ரெண்டு மூணு லட்சம் முட்டை ரோகுவுக்கு சர்வ சாதாரணம்.

இதுக்கப்புறம் நடக்குறதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி. ஆண் மீனுக்குள்ள இருக்குற வரைக்கும் விந்தணு அசையவே அசையாது, ஏன்னா சுத்தி இருக்குற திரவத்துல உப்புச் செறிவு ஜாஸ்தி. ஆத்துத் தண்ணில விழுந்து அந்தச் செறிவு சட்டுனு குறைஞ்ச உடனே நீந்த ஆரம்பிக்கும், ஆனா அந்த ஓட்டம் ஒரு நிமிஷம் தாங்குனாலே பெருசு. முட்டையோட தோல்ல உள்ள போறதுக்கு இருக்குறது ஒரே ஒரு நுண்ணிய ஓட்டை, அதுவும் முட்டை தண்ணிய உறிஞ்ச ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல அடைஞ்சிடும். ஒரு பக்கம் எரிபொருள் தீருது, இன்னொரு பக்கம் கதவு சாத்துது, அதுக்குள்ள சந்திக்கணும், அதனாலதான் ஆணும் பெண்ணும் உரசிக்கிட்டே ஒரே நேரத்துல விடுதுங்க.

முட்டை தண்ணிய குடிச்சு ஊறுன ஜவ்வரிசி மாதிரி உப்பி 5 மில்லிமீட்டர் கிட்ட ஆயிடும். ஒட்டாது, தண்ணிய விட கொஞ்சூண்டுதான் கனம், ஓட்டம் இருந்தா மிதந்துகிட்டே போகும், நின்னுச்சுன்னா அடில போயி சேத்துல படுத்து ஆக்சிஜன் இல்லாம செத்துடும். இப்ப புரியுதா ரோகு ஏன் வெள்ளத்துக்கு காத்திருக்குன்னு? அது அடம் புடிக்கல, தேங்கின தண்ணில விட்டா முட்டை வீணாப் போகும்.

உள்ள வேலை செம ஸ்பீடு. மஞ்சக்கரு அப்படியே இருக்கும், அதுக்கு மேல ஒரு மூலைல இருக்குற சின்னத் திட்டு மட்டும் ரெண்டா, நாலா, எட்டா பிரியும். அந்த செல்லுங்க மஞ்சக்கருவ மேலருந்து கீழ மூடிக்கிட்டே வரும், மூடி முடியறப்ப தலை எது வால் எதுன்னு தெரிய ஆரம்பிக்கும், அப்புறம் கண்ணு, இதயத் துடிப்பு, வால் துள்ளல். தண்ணி 28 டிகிரி போல இருந்தா 14லருந்து 18 மணி நேரத்துல தலைப் பக்கம் இருக்குற சுரப்பிங்க ஒரு நொதிய விட்டு முட்டையோட தோல மெலிசாக்கும், குஞ்சு வாலால அடிச்சு கிழிச்சுட்டு வந்துடும்.

எல்லா கெண்டையும் இப்படி இல்ல. சாதா கெண்டையும் கொளத்தூர் கடைங்கள்ல தொங்குற கவர்ல நீந்துற தங்கமீனும் ஒட்டுற முட்டை போடுற ரகம், பாசி, ஆகாயத்தாமரை வேர்னு எதுலயாவது ஒட்டிடும், அதனால ஓட்டமே வேணாம், வீட்டுத் தொட்டிலயே போடும். ஆண் தங்கமீனுக்கு அந்த நேரத்துல செவுள் மூடி மேல வெள்ளை வெள்ளையா பொட்டு வரும், அத நோய்னு நினைச்சு மருந்து ஊத்துறவங்க நெறைய பேரு, வேணாம் விட்டுடுங்க. முட்டை போட்டதும் பெத்தவங்கள வேற தொட்டிக்கு மாத்திடுங்க, இல்லன்னா அதுங்களே தின்னுடும். நம்ம ஊரு சூட்டுக்கு ரெண்டு மூணு நாள்ல பொரியும்.

மறுபடி ரோகு குஞ்சுக்கு வர்றேன். பொரிஞ்சு வந்ததுக்கு வாயே திறந்திருக்காது, வயித்துல இருக்குற மஞ்சக்கருப் பைதான் சாப்பாடு, சுமாரா மூணு நாளைக்கு வரும். அதுக்குள்ள வாய் திறக்கணும், காத்துப்பை நிறையணும், கண்ணு இரைய பாக்கணும். பை காலியான நேரத்துல சுத்தி தண்ணில மிதக்குற பொடி உயிருங்க இல்லன்னா பட்டினிதான், ஆத்துல வெள்ளம் புதுசா மூழ்கடிச்ச வயக்காட்டுல அதுங்க பெருகிக் கெடக்கும், குளத்துல விவசாயிதான் சாணி போட்டு முன்கூட்டியே வளத்து வைக்கணும். அதோட முதுகால நீந்துற பூச்சி ஒண்ணு இருக்கு, குஞ்சுங்கள குத்தி உறிஞ்சிடும், அது மூச்சு வாங்க மேல வரும்ன்றதால குஞ்சு விடுறதுக்கு மொத நாளே எண்ணெயும் சோப்பும் கலந்து தண்ணி மேல படலமா விட்டு மூச்சுத் திணற வச்சு கொல்லுவாங்க. இவ்ளோ செஞ்சும் பாதி தேறுனாலே நல்ல நாத்தங்கால்னு அர்த்தம். ரெண்டு மூணு மாசத்துல விரல் நீளம் வந்துடும், ஏரில விடுறது பெரும்பாலும் அந்த சைஸ்லதான், அத விட சின்னதா விட்டா விராலுக்கு தீனி போட்ட கணக்குதான்.