தன்னாட்சி ஒப்பந்தம்: கையெழுத்துக்குப் பிறகு எங்கே சறுக்குகிறது?

மத்தியஸ்தம் செய்ய வருபவர்கள் பலர் முதலில் போர்நிறுத்தத்தை வாங்கிவிடத் துடிக்கிறார்கள். தனிநாடு கேட்டுக் கிளர்ச்சி நடந்த இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் 2002 டிசம்பரில் அதுதான் நடந்தது. பிரதேசத்தின் அரசியல் நிலையைப் பிற்பாடு பேசலாம் என்று தள்ளிவைத்தார்கள். 2003 மே மாதம் அங்கே ராணுவச் சட்டம் வந்துவிட்டது.

2005 ஜனவரியில் ஹெல்சின்கியில் பேச்சைத் தொடங்கிய பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அத்திசாரி வரிசையை மாற்றினார். தனிநாடு பேச்சில் இல்லை. அனைத்தும் முடிவாகும்வரை எதுவும் முடிவானதல்ல. ஐந்து சுற்றுகளுக்குப் பின் ஆகஸ்ட் 15இல் கையெழுத்தானது. சுனாமிதான் காரணம் என்பார்கள். அது பாதி உண்மை. அதே சுனாமி தாக்கிய இலங்கையில், நிவாரணத்துக்காக அரசும் விடுதலைப் புலிகளும் ஒப்புக்கொண்ட பொதுக்கட்டமைப்பின் முக்கியப் பிரிவுகளுக்கே உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் இடைக்காலத் தடை விதித்தது.

ஹெல்சின்கி ஆவணத்தின் பலம் அதன் எண்கள். எண்ணெய், எரிவாயு உள்ளிட்ட இயற்கை வள வருவாயில் 70% ஆச்சேக்கு. கிளர்ச்சியாளர்கள் 840 ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். ஆச்சேக்கு வெளியிலிருந்து வந்த அரசுப் படைகள் விலக வேண்டும். இரண்டும் நான்கு கட்டங்களாக, ஒன்றுக்கொன்று இணையாக, 2005 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை. ‘முதலில் நீ’ என்ற இழுபறிக்கு இடமே வைக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியான் நாடுகளும் அனுப்பிய கண்காணிப்புக் குழுவின் தலைவர், சச்சரவுகளில் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு சொல்லலாம்.

ஆனாலும் சட்டமாக்கும்போது சறுக்கியது. 2006 மார்ச் 31க்குள் வரவேண்டிய ஆச்சே ஆட்சிச் சட்டம் ஆகஸ்டில்தான் வந்தது. ஆச்சேயைப் பற்றிய தேசிய நாடாளுமன்ற முடிவுகளுக்கு ஆச்சே சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது ஒப்பந்தம்; சட்டமோ கருத்துக் கேட்டால் போதும் என்றது. ஒப்புதல் என்றால் தடுக்கும் அதிகாரம் உண்டு. கருத்தைக் கேட்டுவிட்டு ஒதுக்கிவிடலாம்.

பிலிப்பைன்ஸில் சட்டம்வரைகூடப் போகவில்லை. மலேசியாவின் அனுசரணையில் அரசுக்கும் மோரோ முஸ்லிம் கிளர்ச்சியாளர்களுக்கும் இடையே உருவான மிந்தனாவோ மூதாதையர் நில உடன்பாட்டை, உரிய கலந்தாய்வு நடக்கவில்லை என்று 2008 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குள் மோதல் மீண்டும் வெடித்திருந்தது.

ஆகவே, ஒப்பந்தத்தின் சாரத்தோடு சட்டப் பிரிவுகளின் வரைவையும் இணைப்பாகக் கேளுங்கள். அரசியலமைப்புத் திருத்தம் தேவையா என்பதை முதல் சுற்றிலேயே அரசுத் தரப்பு எழுத்தில் சொல்லட்டும். நாடாளுமன்ற எதிர்க்கட்சிகளிடம் கையெழுத்துக்கு முன்பே பேசுங்கள். பின்னர் அவர்கள் கையில்தான் அந்த மசோதா போகும்.